தோள்பட்டையில இருக்கற எழுத்த மொதல்ல பாருங்க தம்பி

தம்பி, உங்க கேள்விய ரெண்டு தடவ படிச்சேன், படத்த அதுக்கும் மேலயே பாத்தாச்சு. தொண்டிப் பக்கம் உங்க ஊரு, அம்மாச்சியோட அப்பா, அதாவது உங்களுக்கு பூட்டன், காக்கி போட்டு ஸ்டூடியோல நிக்கற படம், சொவத்துல இருந்து விழுந்து பிரேம் ஒடஞ்சதால கைக்கு வந்துச்சு, வீட்ல எல்லாரும் "அவுக நேதாஜி பட்டாளத்துல இருந்தாக"ன்னு சொல்றாங்க, ஆனா எந்த ரெஜிமெண்ட்னு யாருக்கும் தெரியல, யூனிபார்ம வச்சு கண்டுபிடிக்க முடியுமான்னு கேக்குறீங்க. முடியும். முழுசா இல்லாட்டியும் முக்கால்வாசி முடியும். ஆனா வீட்ல சொல்ற கதைய கொஞ்ச நேரம் தள்ளி வச்சிட்டு படத்த மட்டும் பாக்கணும், அதுதான் கஷ்டம்.

நான் ஆர்மி சிக்னல்ஸ்ல, அதாவது தகவல் தொடர்புப் படையில, 17 வருஷம் இருந்துட்டு ஊருக்கு வந்தவன், உச்சிப்புளி. ரிட்டயர்டு ஆனப்புறம் நம்ம பக்கத்து ஆளுங்க கொண்டாந்து குடுத்த பழைய படங்க நெறைய பாத்திருக்கேன். எங்க வீட்டுக் கதையிலயே ஆரம்பிக்கிறேன். எங்க அப்பத்தாவோட அண்ணன் ஒருத்தரு, "பட்டாளத்து ஐயா"ன்னுதான் பேரு, மீசை முறுக்கிக்கிட்டு கோட்டு போட்டு இடுப்புல அகலமா பெல்ட் கட்டி நிக்கிற படம் எங்க வீட்டு பட்டாசாலையில தொங்கும். பெல்ட் பக்கிள்ல இங்கிலீஷ்ல மூணு எழுத்து. அதப் படிச்ச எங்க சித்தப்பா ஒருத்தரு, வெள்ளக்காரன் ஐயாவுக்கு சர் பட்டம் குடுத்தான், பாரு பெல்ட்லயே போட்ருக்குன்னு ஊரெல்லாம் சொல்லிட்டாரு. நாங்களும் நம்பிட்டோம். நான் லீவுல வந்தப்ப லென்ஸ் வச்சுப் பாத்தா எஸ், ஐ, ஆர். ஒவ்வொரு எழுத்துக்கும் நடுவுல புள்ளி. சவுத் இண்டியன் ரயில்வே. ஐயா பாம்பன் ஸ்டேஷன்ல பாயிண்ட்ஸ்மேன். பட்டாளத்து வாசப்படிய மிதிச்சதே இல்ல. அப்பத்தாகிட்ட சொன்னதுக்கு மூணு நாள் என்கிட்ட பேசல.

ஏன் இத சொல்றேன்னா நம்ம கடக்கரையில காக்கி போட்டவனெல்லாம் மிலிட்டரின்னு ஒரு நெனப்பு உண்டு. அந்தக் காலத்துல இந்தப் பக்கம் யூனிபார்ம் போட்ட வேல எத்தன இருந்துச்சுன்னு யோசிங்க. 1914-ல பாம்பன் பாலம் திறந்து தனுஷ்கோடி வரைக்கும் போட் மெயில் ரயிலு ஓட ஆரம்பிச்சதும் ரயில்வே ஆளுங்க, கஸ்டம்ஸ் பியூன், போர்ட் ஆபீஸ் ஆளுங்க, உப்பு டிபார்ட்மென்ட் பியூன், போலீஸ், இலங்கைத் தோட்டத்துக்குப் போறவங்கள தங்க வச்சு சோதிக்க சிலோன் கவர்மென்ட் நடத்துன மண்டபம் கேம்ப்ல காவக்காரங்க, இது போக ராமநாதபுரம் சமஸ்தானத்து சேவகருங்க. எல்லாருக்கும் பெல்ட் உண்டு, வில்லை உண்டு, தலைப்பாகை உண்டு. அதனால மொத கேள்வி எந்த ரெஜிமெண்ட்ங்கிறது இல்ல, இது பட்டாளமாங்கிறதுதான். மார்ல குறுக்கா பட்டையோ பெல்ட் பக்கிளோ இருந்து அதுல பித்தளை வில்லையில டிபார்ட்மென்ட் பேரு எழுதியிருந்தா அது அனேகமா சிவில் வேல. பட்டாளத்துக்காரனுக்கு எழுத்து தோள்ல இருக்கும், சட்டையோட தோள்பட்டை நாடா நுனியில, கைக்குப் பக்கத்துல, சின்னப் பித்தளை எழுத்தா.

உங்க படத்துல அது இருக்கு. அதனால உங்க பூட்டன் பட்டாளம்தான், அதுல சந்தேகம் வேண்டாம்.

இப்ப அடுத்தது, எந்தக் காலம். நீங்க முதல் உலகப்போரா ரெண்டாவதான்னு கேட்டிருந்தீங்க, இது சுலபம், காலுல என்ன போட்ருக்காருன்னு பாருங்க. 1914-18 காலத்து சிப்பாய்க்கு காலுல பட்டி, அதாவது நீளத் துணிப்பட்டை, முழங்கால் வரைக்கும் சுத்தியிருக்கும், உடம்புல முழங்கால் கிட்ட வர்ற குர்தாவோ கழுத்து மூடுன கோட்டோ இருக்கும், தோட்டா வைக்கிற பை தோல்ல இருக்கும், தலையில பாகை. உங்க பூட்டன் திறந்த காலர் சட்டை, ரெண்டு பக்கமும் மூடி வச்ச பாக்கெட், தொளதொளன்னு அரை டவுசர், நீளக் காலுறை, கணுக்காலுக்கு மேல மட்டும் குட்டையா சுத்துன பட்டி. இது ரெண்டாம் உலகப்போர் காலத்து காக்கி டிரில். இன்னும் ஒண்ணு, பர்மா காட்டுச் சண்டைக்கு 1943-க்கு மேல பச்சைக் கலர் யூனிபார்ம் குடுக்க ஆரம்பிச்சாங்க, கறுப்பு வெள்ளை படத்துல அது காக்கிய விட நல்லா இருட்டாத் தெரியும். உங்க படத்துல சட்டையும் டவுசரும் வெளுப்பா இருக்கு, காக்கியேதான்.

தொப்பிக்கு வர்றேன், ஏன்னா உங்க வீட்டுக் கதை மொத்தமும் அந்தத் தொப்பியில இருந்துதான் கெளம்பிருக்கும்னு எனக்குத் தோணுது. ஒரு பக்கமா சாய்ச்சு வச்ச படகு மாதிரி தொப்பி. நேதாஜி படத்துல நாம எல்லாரும் பாத்த தொப்பி. காலண்டர்ல, பள்ளிக்கூட சொவத்துல, டீக்கடையில அதே தொப்பி. அதப் பாத்துட்டு வீட்ல தொங்குற படத்தப் பாத்தா யாருக்கும் ஐ.என்.ஏ, அதாவது நேதாஜியோட இந்திய தேசிய ராணுவம்னுதான் தோணும். ஆனா அந்தத் தொப்பி அந்தக் காலத்துல பிரிட்டிஷ் ஆர்மி, இந்தியன் ஆர்மி, ஏர்போர்ஸ் எல்லாத்துலயும் சாதாரணமா போட்டது. ஐ.என்.ஏ ஆரம்பிச்சதே சிங்கப்பூர்ல சரணடைஞ்ச இந்திய சிப்பாய்ங்கள வச்சுத்தானே, 1942 பிப்ரவரி 15-ல சிங்கப்பூர் விழுந்துச்சு, அவங்க உடம்புல இருந்த அதே காக்கிதான் தொடர்ந்துச்சு, மேல இருந்த பேட்ஜுதான் மாறுச்சு. அதனால தொப்பியும் சட்டையும் வச்சு ஐ.என்.ஏ-வா இல்லையான்னு யாராலயும் சொல்ல முடியாது. கிரீடம் இருக்கான்னுதான் பாக்கணும். ஐ.என்.ஏ-க்காரன் வெள்ளக்கார ராஜா கிரீடத்த தலையில வச்சுக்கிட்டு படம் எடுக்க மாட்டான், அவங்க பேட்ஜுல இந்தியா வரைபடம் இருக்கும், மூவர்ணம் இருக்கும்.

உங்க படத்துல தொப்பி பேட்ஜ் ஒரு வெள்ளப் புள்ளியாத்தான் தெரியுது, பிளாஷ் அடிச்சு எடுத்திருக்கீங்க, கண்ணாடி பளபளன்னு மொத்தத்தையும் முழுங்கிருச்சு. ஆனா தொப்பிய விட நெஞ்சுல ஒண்ணு இருக்கு தம்பி, அதுதான் எனக்கு பெரிய விஷயமாப் பட்டுச்சு. இடது பாக்கெட்டுக்கு மேல ஒரே ஒரு ரிப்பன் துண்டு. மெடல் இல்ல, ரிப்பன் மட்டும்.

இந்த ரிப்பனப் படிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு தெரிஞ்சுக்கணும். அந்தக் காலத்து ஸ்டூடியோ பிலிம் பல இடத்துல சிவப்ப வாங்காது. சிவப்பு கறுப்பா விழும், நீலம் வெளுத்துப் போயி விழும். பழைய கல்யாணப் படத்துல பொம்பளைங்க நெத்தி குங்குமம் மை வச்ச மாதிரி கன்னங்கரேல்னு இருக்கும் பாருங்க, அதேதான். உங்க வீட்ல அதே காலத்து படம் இருந்தா குங்குமத்தப் பாத்து வச்சுக்குங்க, அதுதான் உங்களுக்கு அளவுகோல்.

இப்ப ரிப்பன். நீங்க ரெண்டாவதா அனுப்புன கிட்டத்து படத்துல மூணு பட்டையாத் தெரியுது, மூணும் ஒரே அகலம், நடுவுல கறுப்பு, ஒரு ஓரம் சாம்பல், இன்னொரு ஓரம் கிட்டத்தட்ட வெள்ளை. 1939-45 ஸ்டார்னு ஒரு மெடல், அதோட ரிப்பன் கருநீலம், சிவப்பு, இளநீலம், மூணும் சம அகலம், கப்பல் படை, தரைப்படை, விமானப்படைன்னு கணக்கு. சிவப்பு கறுப்பாகி, கருநீலம் சாம்பலாகி, இளநீலம் வெளுத்துப் போனா நீங்க அனுப்புனதேதான் வரும். பர்மா ஸ்டாரா இருந்திருந்தா நடுவுல அகலமா சிவப்பு, ரெண்டு பக்கம் நீலத்துக்குள்ள மெலிசா ஆரஞ்சுக் கோடு, அதாவது எண்ணிப் பாத்தா ஏழு பட்டை வரும். ஆப்பிரிக்கா ஸ்டார்னா மணல் கலர் அகலமா இருக்கும், நடுவுல சிவப்பு, ரெண்டு பக்கமும் ஒல்லியா நீலக்கோடு. உங்களது மூணு பட்டைதான், நான் பத்துக்கு எட்டு உறுதியாச் சொல்வேன்.

இதுல இருந்து என்ன வருது? இந்த ஸ்டார அறிவிச்சதே 1943-லதான், அப்ப 1939-43 ஸ்டார்னு பேரு, அப்புறம்தான் 45 ஆச்சு. மெடல் யுத்தம் முடிஞ்சுதான் வந்துச்சு, ரிப்பன மட்டும் முன்னாடியே தைச்சுக்கச் சொன்னாங்க, அதனாலதான் உங்க பூட்டன் நெஞ்சுல மெடல் இல்லாம ரிப்பன் மட்டும். அப்ப படம் 1943 நடுவுக்கு அப்புறம் எடுத்தது. பர்மா ஸ்டார் 1945 மே மாசம் அறிவிச்சாங்க, அது நெஞ்சுல இல்ல, ஒண்ணு அவரு பர்மாவுக்குப் போகல, இல்லாட்டி படம் அதுக்கு முன்னாடியே எடுத்தாச்சு. முக்கியமா, 1943-க்கு மேல வெள்ளக்காரன் குடுத்த ரிப்பன நெஞ்சுல தைச்சுக்கிட்டு ஒருத்தர் ஸ்டூடியோல நிக்கிறாருன்னா, அந்த சமயத்துல அவரு சிங்கப்பூர்ல ஜப்பான்காரன்கிட்ட கைதியாவும் இல்ல, ஐ.என்.ஏ-லயும் இல்ல. இந்தியன் ஆர்மியிலதான் இருந்தாரு.

இது உங்க அம்மாவுக்கு வருத்தமா இருக்கும்னு தெரியும். ஆனா ஒண்ணு சொல்றேன், ரெண்டாம் உலகப்போர் முடியறப்ப இந்தியன் ஆர்மியில 25 லட்சம் பேரு இருந்தாங்க, ஒருத்தனையும் சட்டம் போட்டு இழுக்கல, வயித்துக்குப் போனவன், வீம்புக்குப் போனவன், மழை பொய்ச்சு கண்மாய் வறண்டு போயிப் போனவன், எல்லாம் தானாப் போனவங்கதான். நம்ம ஜில்லா மாதிரி வானம் பாத்த பூமியில பட்டாளத்து மணியார்டர்ல எத்தன வீட்ல அடுப்பெரிஞ்சுச்சு. சுதந்திரத்துக்கு அப்புறம் "வெள்ளக்காரன் பட்டாளத்துல இருந்தேன்"னு சொல்ல ஒரு கூச்சம் வந்துருச்சு. 1972-ல சுதந்திரப் போராட்ட தியாகிகளுக்கு பென்ஷன் திட்டம் வந்தப்ப ஐ.என்.ஏ-வும் அதுல சேந்துச்சு, அப்ப ஊர்ல ஐ.என்.ஏ-ங்கற பேருக்கு ஒரு மரியாதை. கதை மெதுவா அந்தப் பக்கம் சாஞ்சிருக்கலாம், யாரும் பொய் சொல்லணும்னு சொன்னதா இருக்காது. அது இல்லாம, கதை வேற ஆளோடதாவும் இருக்கலாம். நம்ம பக்கத்துல இருந்து மலாயா, பர்மா போனவங்க கொஞ்சமா நஞ்சமா, ஐ.என்.ஏ-ல சேந்த சிவிலியன் தமிழங்க நெறையப் பேரு, ஜான்சி ராணி படையில மலாயா ரப்பர் தோட்டத்து தமிழ்ப் பொண்ணுங்களே எத்தன பேரு. பூட்டனோட தம்பியோ மச்சினனோ அந்தப் பக்கம் போயிருந்து, ரெண்டு பேரோட கதையும் ஒரே படத்துல ஏறிருச்சான்னு அம்மாச்சிகிட்ட கேளுங்க. "உங்க அப்பா ஐ.என்.ஏ-வா"ன்னு கேக்காதீங்க, "ரங்கூன்ல இருந்து நடந்தே வந்தது யாரு, மலாயாவுல இருந்தது யாரு"ன்னு ஒவ்வொரு ஆளாக் கேளுங்க. வேற மாதிரி பதில் வரும்.

சரி, கையில ரெண்டு பட்டை. வி மாதிரி. ஒண்ணுன்னா லான்ஸ் நாயக், ரெண்டுன்னா நாயக், மூணுன்னா ஹவில்தார், நம்ம ஊர்ல அவல்தார்னு சொல்றது. அதுக்கு மேல ஜமேதாரு, சுபேதாருன்னா கையில பட்டை இருக்காது, தோள்ல ஸ்டாரு வந்துரும், ஜமேதாருக்கு ஒண்ணு, சுபேதாருக்கு ரெண்டு. உங்க பூட்டன் நாயக். ஊர்ல அவரை சுபேதாருன்னு சொல்றாங்கன்னு எழுதியிருந்தீங்க, அப்புறம் பிரமோஷன் ஆகியிருக்கலாம், இல்ல ஊரு குடுத்த பிரமோஷனாவும் இருக்கலாம், என்னையவே இங்க டீக்கடையில கேப்டன்னுதான் கூப்புடுறாங்க.

இப்ப நிஜமான விஷயம், ரெஜிமெண்ட். நீங்க படத்துக்குப் பின்னாடி ஸ்டூடியோ முத்திரையில பெங்களூர்னு இருக்குன்னு பாத்த உடனே மெட்ராஸ் சாப்பர்ஸ், அதாவது ரோடு பாலம் போடுற இன்ஜினியர் படைன்னு முடிவு பண்ணிருக்கீங்க. அவசரப்படாதீங்க. சாப்பர்ஸ் சென்டர் பெங்களூர்தான், அதுல தமிழாளுங்க ரொம்ப ஜாஸ்தி, அவங்கள தம்பின்னுதான் ஆர்மியில செல்லமாக் கூப்புடுவாங்க, உங்களயும் நான் தம்பின்னுதான் கூப்புடுறேன்ங்கிறது வேற விஷயம். ஆனா யுத்த காலத்து பெங்களூரு ஒரு பெரிய கண்டோன்மென்ட், எல்லா கோர் ஆளும், அதாவது எல்லா படைப்பிரிவு ஆளும், அங்க வந்து போனான், லீவுல ஊருக்குக் கெளம்புறப்ப ஸ்டூடியோல ஒரு படம் எடுத்து வீட்டுக்கு அனுப்புறதுதான் வழக்கம். முத்திரை எந்த ஊர்ல படம் எடுத்தாங்கன்னு சொல்லும், எந்தப் படைன்னு சொல்லாது.

தோள் எழுத்துதான் சொல்லும். சாப்பர்ஸா இருந்தா எழுத்து கியூ-ல ஆரம்பிக்கும், ஏன்னா அது குயின் விக்டோரியாஸ் ஓன். உங்க படத்துல எழுத்து தெளிவா இல்ல ஆனா நீளம் தெரியுது, அஞ்சு எழுத்து இருக்கற நீளம், கடைசி எழுத்து வளைஞ்சு சி மாதிரி, மொத எழுத்துக்கு கீழ ஒரு கால் சாஞ்சு நிக்குது, ஆர் மாதிரி. ஆர்ல ஆரம்பிச்சு சி-ல முடியற அஞ்செழுத்துன்னா ஆர்.ஐ.ஏ.எஸ்.சி, ராயல் இண்டியன் ஆர்மி சர்வீஸ் கோர். லாரி, ரேஷன், பெட்ரோல், கோவேறு கழுதை, பட்டாளத்துக்கு சோறு போய்ச் சேர்றது எல்லாம் இவங்க கையில. இதே மாதிரி சி-ல முடியறது ஐ.ஏ.ஓ.சி உண்டு, ஆயுதம், சாமான் சப்ளை பண்ற ஆர்டினன்ஸ் கோர், ஆனா அது நாலு எழுத்து, ஆரம்பம் ஐ, ஒல்லியா ஒரே குச்சி. ஐ.இ.எம்.இ-ன்னா மெக்கானிக்குங்க, அந்த கோரே 1943-லதான் தனியா வந்துச்சு. என் யூகம் ஆர்.ஐ.ஏ.எஸ்.சி. அம்மாச்சி "எங்கப்பா லாரி ஓட்டுனாக"ன்னோ, இல்ல ஊருக்கு வந்தப்புறம் பஸ் கம்பெனியில டிரைவரா இருந்தாகன்னோ எப்பயாவது சொல்லியிருக்காங்களா? அப்படி ஒரு வார்த்தை வந்துச்சுன்னா என் யூகத்துக்கு நல்ல பலம்.

மெட்ராஸ் ரெஜிமெண்டா இருக்காதான்னு நீங்க கேக்குறதுக்கு முன்னாடி சொல்லிடுறேன், பழைய மெட்ராஸ் காலாட்படையோட ரெகுலர் பட்டாலியன்கள 1920-கள்லயே செலவக் குறைக்கறேன்னு கலைச்சுட்டாங்க, தெக்கத்தியான் சண்டைக்கு லாயக்கில்லன்னு ஒரு வெள்ளக்காரப் பேச்சு வேற. ரெண்டாம் உலகப்போர்ல ஆள் தட்டுப்பாடு வந்தப்புறம்தான் திரும்ப எழுப்புனாங்க, அவங்கதான் அப்புறம் பர்மாவுல பேரு வாங்குனாங்க. இப்ப சென்டர் வெலிங்டன்ல. இருக்க வாய்ப்பு உண்டு, ஆனா அப்ப தோள்ல மெட்ராஸ்னு முழுசா இருக்கும், அது ஆறு எழுத்து, கடைசி எழுத்து எஸ். கலங்கலான படத்துல சி-யும் எஸ்ஸும் ஒண்ணாத் தெரியும், மொத எழுத்த வச்சுத்தான் பிரிக்கணும், எம் அகலமா இருக்கும். அதனாலதான் தோள நல்லா எடுத்து அனுப்புங்கன்னு சொல்றேன்.

கிரீடத்தப் பத்தி ஒரு வார்த்தை, இது மத்த படங்களுக்கும் ஆகும். பேட்ஜுல, பட்டன்ல கிரீடம் இருந்து அது மேல உருண்டையா குவிஞ்சிருந்தா ராஜா கிரீடம், 1901-க்கு மேல. ரெண்டு பக்கமும் தூக்கி நடுவுல பள்ளமா இருந்தா விக்டோரியா ராணி கிரீடம், அதுக்கு முன்ன. அசோகச் சிங்கம்னா 1950 ஜனவரி 26-க்கு அப்புறம். கப்பல் படைன்னா தொப்பி நாடாவுல எழுத்து இருக்கும், யுத்த காலத்துல கப்பல் பேரு போடாம எச்.எம்.ஐ.எஸ்-னு (ராஜாவோட இந்தியக் கப்பல்னு அர்த்தம்) மட்டும் போட்ருப்பாங்க, கீழக்கரை பக்கத்துல இருந்து ஒருத்தரு அப்படி ஒரு படத்த கொண்டாந்து இதுல கப்பல் பேரு அழிஞ்சு போச்சுன்னு வருத்தப்பட்டாரு, அழியல, எழுதவே இல்ல.

இப்ப படத்த எப்படி எடுக்கறதுன்னு பாப்போம், இதுல கோட்ட விட்டா மேல சொன்னது எல்லாம் வீண். மொதல்ல, படம் கண்ணாடியோட ஒட்டிக்கிச்சுன்னு எழுதியிருந்தீங்க. பிக்காதீங்க. நம்ம கடக்கரை உப்புக்காத்துலயும் ஈரத்துலயும் படத்து மேல இருக்கற பசை இளகி கண்ணாடியில ஒட்டிக்கும், பிச்சா மூஞ்சி கண்ணாடியிலயும் அட்டை உங்க கையிலயும் வரும். ஒட்டுனது ஒட்டுனபடியே கண்ணாடி மேலயே ஸ்கேன் பண்ணுங்க. ஈரத்துணி, ஸ்பிரிட்டு, தேங்காஎண்ணெய் எதுவும் கூடாது. லேமினேஷன் பண்ணவே கூடாது. ஓரத்துல வெள்ளி மாதிரி ஒரு பளபளப்பு ஏறியிருக்கு பாருங்க, அது பழைய படத்துக்கு வர்ற வயசு, அழுக்கு இல்ல, தேய்க்காதீங்க.

ஸ்கேனர் கிடைச்சா 1200 டிபிஐ-ல வைங்க, தோள், தொப்பி, ரிப்பன் மூணும் தனித்தனியா. ஸ்கேனர் இல்லாட்டி காலையில ஜன்னல் ஓரத்துல படத்த படுக்க வச்சு வெளிச்சம் பக்கவாட்டுல இருந்து வர்ற மாதிரி வச்சு போன்ல எடுங்க, பிளாஷ ஆப் பண்ணிட்டு, பளபளப்பு போற வரைக்கும் படத்த கொஞ்சம் கொஞ்சமாத் திருப்பித் திருப்பி. வாட்சப்புல போட்டோவா அனுப்பாதீங்க, டாக்குமெண்டா அனுப்புங்க, இல்லாட்டி அது நசுக்கி அனுப்பும்.

அப்புறம் இப்ப ஆளாளுக்கு ஒரு ஆப் வச்சிருக்கீங்க, பழைய படத்த தெளிவாக்குது, கலர் போடுதுன்னு. நீங்க அனுப்புன மூணாவது படம் அப்படித்தான் வந்துச்சு, பாத்த உடனே தெரிஞ்சுச்சு. மூஞ்சி பளிச்னு இருக்கு, ஆனா தோள் எழுத்து எந்த பாஷையிலயும் இல்லாத எழுத்தா ஆயிருச்சு, ரிப்பன்ல பச்சை வந்துருச்சு, பட்டன் ஒண்ணு கூடிருச்சு. அந்த ஆப் தெரியாதத தெளிவாக்கல, இல்லாதத வரையுது. வீட்ல மாட்ட வேணா அத வச்சுக்குங்க, கண்டுபிடிக்க ஒரிஜினல் மட்டும்தான்.

இந்த வேலைய முன்னாடி டச்சிங் ஆர்ட்டிஸ்ட் பண்ணாங்க, அது ஒண்ணும் புதுசு இல்ல. ஆள் செத்தப்புறம் சின்னப் படத்தக் குடுத்து பெரிசு பண்ணி மாலை போட மாட்டுவோம்ல, அந்த பெரிசு பண்ணுன படத்த நம்பி எதுவும் சொல்ல முடியாது. எங்க மாமா படத்த ஒரு ஸ்டூடியோல பெரிசு பண்ணக் குடுத்தோம், தோள்ல ஏதோ கறைன்னு நெனச்சு ரெஜிமெண்ட் எழுத்த மை வச்சு மூடிட்டாங்க, கேட்டதுக்கு "அழுக்க எடுத்துட்டோம் சார்"னாங்க. சின்னப் படமும் தொலைஞ்சு போச்சு. அதனால உங்க வீட்ல, சித்தப்பா பெரியப்பா வீட்ல, இதே படத்தோட சின்னப் பிரதி ஏதாவது இருக்கான்னு பாருங்க, பெரிசு பண்ணாதது. அதோட சொவத்துல மாலையோட தொங்குற படத்த போட்டோ எடுத்து அனுப்புறவங்க நெறைய, மாலை சரியா ரெண்டு தோளையும் மறச்சுக்கிட்டு இருக்கும், கொஞ்ச நேரம் மாலையக் கழட்டுனா பூட்டன் கோச்சுக்க மாட்டாரு.

கண்ணாடியப் பாத்த மாதிரி திரும்பிப் போன படமும் உண்டு, காப்பி எடுக்கறப்ப நெகட்டிவ புரட்டிப் போட்ருவாங்க. மெடல் ரிப்பன் எப்பவும் ஆளோட இடது மார்ல, அதாவது நமக்கு வலது பக்கமாத் தெரியணும். உங்களது சரியா இருக்கு. மாறி இருந்தா புரண்டுபோன படமா இருக்கலாம், இல்ல அவங்க அப்பாவோட மெடல மகன் வலது மார்ல குத்திக்கிட்டு நிக்கிறதாவும் இருக்கலாம், அப்படி ஒரு மொறை உண்டு.

கடைசியா ரெகார்டு. சாதாரண சிப்பாய் ரெகார்டு லண்டன்ல இருக்கும்னு யாராவது சொல்லி காசு கேட்டா குடுக்காதீங்க, அங்க இருக்கறது பெரும்பாலும் ஆபீசருங்க ரெகார்டு. சிப்பாய் ரெகார்டு அந்தந்த கோரோட ரெகார்டு ஆபீஸ்ல இங்கயேதான். சர்வீஸ் கோர், சாப்பர்ஸ், பயனியர் கோர் இதெல்லாம் பெங்களூரு, மெட்ராஸ் ரெஜிமெண்ட் வெலிங்டன், சிக்னல்ஸ் ஜபல்பூர், இ.எம்.இ செகந்திராபாத். ராமநாதபுரத்துல முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கு, அங்க போயி வாரிசுன்னு சொல்லி எழுத்துல குடுங்க, அவங்க மூலமா போனா மதிப்பு. பேரு, அப்பா பேரு, ஊரு, தாலுகா எல்லாம் வேணும். நம்பர் இருந்தா பாதி வேல முடிஞ்சுச்சு, நம்பர் இல்லாம வெறும் பேர வச்சு தேடுறது கடல்ல குண்டூசி தேடுற கதை. இங்கிலீஷ்ல பேர பத்து விதமா எழுதியிருப்பாங்க, எல்லா விதத்துலயும் எழுதிக் குடுங்க. ஜில்லா பேரு ரெகார்டுல ராம்நாட்னு இருக்கும், அந்த ஜில்லா வந்ததே 1910-ல, அதுக்கு முன்னாடி சேந்தவங்களுக்கு மதுரைன்னோ திருநெல்வேலின்னோ இருக்கும். 1985-ல பிரிக்கிற வரைக்கும் சிவகங்கையும் விருதுநகரும் ராம்நாட்லதான் இருந்துச்சு, அதனால ராம்நாட்னு ஒரு பேரு கிடைச்ச உடனே நம்ம ஆளுதான்னு குதிக்கக் கூடாது, அந்த ஆளு சிவகாசிக்காரனா இருப்பான். சண்டையில செத்தவங்களா இருந்தா காமன்வெல்த் வார் கிரேவ்ஸ் வெப்சைட்ல இலவசமாத் தேடலாம், ரங்கூன் பக்கத்துல தவுக்யான் யுத்தக் கல்லறையில மட்டும் உடல் கிடைக்காதவங்க 27,000 பேரு பேரு கல்லுல இருக்கு. உங்க பூட்டன் திரும்பி வந்து அம்மாச்சியப் பெத்தவரு, அதனால அது உங்களுக்கு ஆகாது.

நம்பருக்கு நீங்க தேட வேண்டியது காகிதம் மட்டும் இல்ல. மெடல் கிடைச்சா அதோட ஓரத்துலயோ பின்னாடியோ நம்பரும் பேரும் பெரும்பாலும் வெட்டியிருப்பாங்க, இந்தியன் ஆர்மிக்கு குடுத்ததுல அந்த வழக்கம் இருந்துச்சு. முதல் உலகப்போர் மெடல்ல ஒண்ணு வெள்ளி, அதெல்லாம் ஆசாரிகிட்ட போயி கொலுசா மாறிருச்சு. ரெண்டாம் உலகப்போர் ஸ்டாரு செம்பு கலந்தது, உருக்குனா ஒண்ணும் தேறாது, அதனால தப்பிச்சு எங்கயாவது கெடக்கும். அம்மாச்சியோட தகரப் பெட்டி, பித்தளைச் சாமான் அடுக்கு, பழைய பொத்தான் டப்பா எல்லாம் பாருங்க. மெடல் இல்லாட்டியும் கயித்துல கோத்த ரெண்டு சின்ன வில்லை, அட்டை மாதிரி கெட்டியா இருக்கும், ஒண்ணு சிவப்பு வட்டம், இன்னொண்ணு பச்சை எட்டு மூலை, கழுத்துல போடுறது, அதுல நம்பர் குத்தியிருக்கும். எமனேஸ்வரத்துல ஒரு வீட்ல அந்த சிவப்பு வில்லைய பிள்ளைங்க பாண்டி ஆட வச்சிருந்துச்சுங்க, ஓரமெல்லாம் தேஞ்சு போயி நம்பர்ல கடைசி ரெண்டு எழுத்து மட்டும் மிச்சம். உங்க வீட்ல தேடிட்டு, ஜன்னல் வெளிச்சத்துல அந்த இடது தோள எடுத்து அனுப்புங்க, மொத எழுத்து ஆரா எம்மான்னு பாத்துச் சொல்றேன்.